நான்கு கட்டங்களும் ஒரு ரஜாயும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பத்தாம் வகுப்பு படித்தவன், தான் அகராதி எழுதிய கதையைத் தானே சொல்லிக்கொள்வது சாமிக்கு ஏற்குமா என்று தெரியவில்லை. போதாததற்கு, மாடி வீட்டு அம்மாள் இன்னும் எங்கள் தலைக்கு மேலேயேதான் குடியிருக்கிறார். போன வாரம் அவரே, "எழுதுங்க சார், துளசிக்குத் தண்ணி ஊத்தினதுல என் மேல தப்பில்லேன்னும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

டெல்லியில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தேன். லிஃப்டில் ஏறுகிறவர்கள் தெலுங்கிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வீட்டுக் கதை பேசுவார்கள், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில். பாதி புரிந்தது. புரிந்ததைத் தாளில் எழுத ஆரம்பித்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு நான்கு கட்டம்: தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம். எல்லாம் தமிழ் எழுத்தில்தான்.

புத்தகம் பார்த்து எழுதுவதில்லை. அந்த மொழிக்காரர் வாயால் சொல்ல வேண்டும். கரண்டிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், டெல்லியில் பழகியவர்கள் யோசித்து யோசித்து இந்தியில் சொல்வார்கள். அதனால் கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பேன். கையில் பிடித்தால் வாயில் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

ஓய்வுபெற்று ஜனக்புரிக்கு வந்த பிறகு மனைவிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. தியேட்டர் வாசலில் நின்று முருகனிடம் சொன்னேன்: இவளைத் திருப்பிக் கொடு. வருகிற தைப்பூசத்துக்குள் அகராதியை ஒரு கட்டமும் காலியில்லாமல் முடித்து உன் காலடியில் வைக்கிறேன். அவன் கொடுத்துவிட்டான்.

நான்தான் முடிக்கவில்லை. சமையலறைச் சாமான்களுக்கெல்லாம் கன்னடக் கட்டம் காலியாக இருந்தது. மாடி வீட்டு அம்மாள் மைசூர்ப் பக்கம். என் அகராதியின் கன்னடம் முக்கால்வாசி அவர் சொன்னது.

அந்த மார்கழியில் என் மனைவி, பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வையான ரஜாயைப் பால்கனிக் கம்பியில் வெயிலுக்குப் போட்டிருந்தாள். மேலே அந்த அம்மாள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். ரஜாய் நனைந்துவிட்டது. டெல்லிக் குளிரில் நனைந்த ரஜாய் காய்வதற்குள் மனிதர்கள் விறைத்துவிடுவார்கள்.

"பெஹன்ஜி, உங்க துளசிக்கு எங்க ரஜாய்தான் தோட்டப் பாத்தியா?" என்று கேட்டாள் மனைவி. அதுவரை இந்திக்காரர்கள் மாதிரி பெஹன்ஜி என்றதில்லை, அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் இவளை அப்படித்தான். சண்டை இந்தியில் நடந்தது. இருவருக்குமே இந்தியில் போதுமான வசவு தெரியாது. அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது, ஆறத்தான் இல்லை. பேச்சு நின்றது. கன்னடமும் நின்றது.

சரோஜினி நகருக்குப் போய்ப் பழைய கன்னட நண்பரைத் தேடினேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யாருக்காக நேந்துக்கிட்டீங்க?" என்றாள் மனைவி.

"உனக்காகத்தான்."

"அப்ப முருகன் என்னையத்தான் மாடி ஏறச் சொல்றான்."

துருவுமணை, சல்லடை, முறம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பக்கெட்டில் போட்டாள். ரஜாயைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆபரேஷன் பண்ணின வயிற்றோடு மெதுவாக ஏறினாள். பக்கெட்டை வாங்கப் போனேன், தரவில்லை. நான் தாளும் பேனாவுமாகப் படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. இருவரும் நலம் விசாரிக்கவில்லை.

"இது?"

"துரிமணே."

"இது?"

"ஜரடி."

"இது?"

"மொர." பிறகு அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "சார் ஏன் படியில உக்காந்திருக்காரு? குளிரும், மேல வரச் சொல்லுங்க."

"அவர் லிஃப்ட்காரர். படி ஏறிப் பழக்கமில்ல" என்றாள் மனைவி.

பக்கெட் காலியானதும் தோளில் இருந்ததை நீட்டினாள். "இது?"

மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்கள் என்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் ரஜாயைத் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சு."

"ரஜாய்" என்றார்.

"அது இந்தி."

"எங்க ஊர்ல இது எதுக்கு அக்கா? அங்க யாருக்கு இவ்வளவு குளிருது? இங்க வந்துதான் பாத்தேன்."

ரஜாய் என்றே எழுதிக்கொண்டேன். தெலுங்குக்காரரும் மலையாளக்காரரும் முன்பே அதைத்தான் சொல்லியிருந்தார்கள். தமிழ்க் கட்டத்தில் நானே எழுதியிருந்தேன். நான்கு கட்டத்திலும் மாறாமல் இருக்கும் சொற்கள் என் அகராதியில் சில உண்டு. அம்மா ஒன்று. ரஜாய் ஒன்று.

மறுநாள் தாள்கட்டு முழுவதும் முருகன் காலடியில் இருந்தது. அவன் வரிவரியாகப் பார்த்தானா தெரியாது. பின்னால் ஒரு கல்லூரி ஆசிரியர் பார்த்துவிட்டு, ரஜாய் இந்திச் சொல், அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றார். சாமிக்குக் கொடுத்ததில் கைவைக்க மாட்டேன் என்றேன்.

இப்போது கோயிலில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், என் மனைவி மாடி வாசலில் மன்னிப்புக் கேட்டாள் என்றும், அந்த அம்மாள் அழுதார் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டும் நடக்கவில்லை. படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். என்னைப் பண்டிதர் ஆக்க வேண்டாம். ரஜாயையும் எடுத்துவிட வேண்டாம்.