மதுரை என்று அச்சிட்டிருந்த பெரிய கோயில்

கப்பலில் கால் வைக்காமலே உலகம் சுற்றியவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஸ்டிராண்ட் ரோட்டில் கப்பல் கம்பெனிகளின் பிரயாணச் சீட்டு இலாகாவில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள்தான் அவர்கள். நானும் அதில் ஒருவன். நயாகராவைப் பார்க்க எந்த மாதம் உசிதம் என்று வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறேன். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து ஒருவரும் சண்டை போட்டதில்லை. அநேகமாக அவர்கள் கல்கத்தாவுக்கே திரும்பியிருக்க மாட்டார்கள்.

தலைநகரம் டெல்லிக்குப் போய் இரண்டொரு வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஊரில் எல்லோரும் இனி கல்கத்தா அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டே தங்கள் பிள்ளைகளுக்கும் மைத்துனர்களுக்கும் இங்கேயே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். காளிகாட்டில் எங்களைப் போன்ற தமிழ்ப் பிரம்மசாரிகளுக்கு ஒரு மெஸ் இருந்தது. என்னைப் பிரம்மசாரி என்று சொல்வது முழுக்கச் சரியல்ல. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மனைவி தஞ்சாவூரில் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். மாமனாரின் கடிதம் மாதம் ஒன்று வரும். க்ஷேம விசாரிப்புகள் எல்லாம் முடிந்தபின் கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: உத்தியோகம் ஸ்திரமானதும் தெரியப்படுத்தவும், பெண்ணை அழைத்து வந்து விடுகிறோம்.

என் உத்தியோகம் ஸ்திரமாக இல்லை. கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாக்கள் இரண்டு பேர்: நான் ஒருவன், என்னோடு மெஸ்ஸில் ஒரே அறையில் இருந்த மதுரைக்காரர் ஒருவர். குளிர்கால நெரிசல் முடிந்து மார்ச் வந்ததும் ஒருவருக்குக் கவுண்டரில் நிரந்தர இடம், மற்றவருக்கு நற்சான்றுக் கடிதம் என்று எங்கள் மானேஜர் துரை சொல்லிவிட்டார். இடத்தைத் தீர்மானிக்க ஒரு பரீட்சை. அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

பிரயாணிகள் காத்திருக்கும் அறையில் ஒரு ஸ்டீரியாஸ்கோப் இருந்தது. ஒரே காட்சியை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்த அட்டையைச் சொருகி, இரண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் படம் திரண்டு எழுந்து நிற்கும். கோபுரத்துக்குப் பின்னால் காற்று இருப்பதுகூடத் தெரியும். துரை லண்டனிலிருந்து வரவழைத்த நூறு அட்டைகள். முன்பக்கம் படம், பின்பக்கம் ஊரும் பேரும். பரீட்சையில் இருபது அட்டைகளைக் காட்டுவார். இடத்தின் பெயர், நாடு, கிட்டத்துத் துறைமுகம், அங்கிருந்து போகும் மார்க்கம், இவ்வளவையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லவேண்டும். "தான் அனுப்பும் இடத்தை அறியாதவன் சீட்டு விற்கக்கூடாது" என்பது அவர் கொள்கை. அவர் மட்டும் அத்தனை இடங்களையும் பார்த்திருந்தாரா என்று கேட்கும் படிவம் எதுவும் ஆபீசில் இல்லை.

அட்டைகள் காத்திருக்கும் அறையில் திறந்தே கிடந்ததால், டிபன் வேளையில் நாங்கள் இருவரும் அங்கேதான். ஆளுக்கு ஒரு தரம் பார்ப்பது, பின்பக்கத்தைப் படிப்பது, அடுத்தது. வேத அத்யயனம் போல ஒருவர் சொல்ல ஒருவர் திருப்பிச் சொல்வோம். காலையில் டிராமிலும் அதுவே. காளிகாட்டிலிருந்து டல்ஹௌசி வரை எங்கள் பெஞ்சில் பூமி ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

"பைசா கோபுரம்?"

"இத்தாலி. ஜெனோவா துறைமுகம். அங்கேந்து ரயில்."

"சாஞ்சிண்டிருக்கறதுன்னு சொல்லலியே, ஓய்?"

"அதைத் துரை பார்த்துப்பார். கண்ணு இருக்கோன்னோ அவருக்கு."

ஒரு நாள் எதிர் பெஞ்சில் இருந்த வங்காளிப் பெரியவர் எங்கள் இங்கிலீஷ் ஊர்ப் பெயர்களைக் கேட்டுக் கொண்டேயிருந்துவிட்டுக் குடையைத் தட்டினார். "ஏன் மஷாய், அந்தப் பாரீஸ் கோபுரம் நம்ம மைதானத்து மானுமென்டைவிட உயரமோ?" ஆறு மடங்கு இருக்கும் என்றோம். "இருக்கட்டும், ஏறிப் பார்த்தால் காளிகாட் தெரியுமா?" என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டோம். "அப்படியானால் அவ்வளவு உயரம் எதற்கு!" டிராமே சிரித்தது. அந்தக் காலைகளைப் போல நான் பிறகு எந்தப் பதவியிலும் சந்தோஷமாக இருந்ததில்லை. குளிர், புகை, பாதிக் கண் மூடிய ஊர், என் பக்கத்தில் ஒரு நண்பர், வாயில் ஐரோப்பா.

நூறு அட்டையில் ஒன்று எங்களை நிறுத்திவிட்டது. கண்ணாடிக்குள் நான் பார்த்தது தஞ்சாவூர்ப் பெரிய கோயில். ஐயமே இல்லை. நான் பிறந்து விளையாடிய தெருவிலிருந்து கல்லெறி தூரம். முன்னால் நந்தி மண்டபம், பின்னால் மலைபோல அந்த ஒற்றை விமானம். அட்டையைத் திருப்பினால் "பெரிய பகோடா, மதுரை" என்று அச்சிட்டிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு நம் கோயிலெல்லாம் பகோடா.

மதுரைக்காரர் பிடுங்கிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் சிரித்தார். "இது எங்க ஊர்ல இருந்தா எங்கம்மா மீனாட்சி எங்க போவா ஓய்? வாடகைக்கு ஜாகை பார்த்துண்டாளா?"

நான் முறைப்படி நடப்பவன். பிழையைப் பிழை என்று எழுதிக் கொடுத்தால் திருத்துவார்கள் என்று அப்போது நம்பினேன். மூன்று பாராவில் ஒரு குறிப்பு எழுதி, எங்கள் தலைமைக் குமாஸ்தாவிடம் கொண்டு போனேன். எல்லோரும் பொரோ பாபு என்று கூப்பிடும் அந்த வங்காளி, தினமும் பெஹாலாவிலிருந்து டிராமில் வெற்றிலை மென்றுகொண்டே வருவார். குறிப்பை இரண்டு தரம் படித்தார்.

"அச்சடித்தது யார், மஷாய்?"

"லண்டன் கம்பெனி."

"வாங்கியது?"

"துரை."

"இதில் கையெழுத்துப் போட்டிருக்கும் நீர்?"

"தற்காலிகம்."

"துரை வாங்கியதை ஒரு தற்காலிகம் திருத்துவதற்கு எந்தப் படிவம், சொல்லும், எடுத்துத் தருகிறேன்." குறிப்பை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "லண்டனிலிருந்து திருத்தச் சீட்டு வரும்வரை அது மதுரைதான். கோயில் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது."

அன்று மாலை நடந்து திரும்பும்போது மதுரைக்காரர் ஒரு யோசனை சொன்னார். அந்த அட்டை பரீட்சையில் வந்தால் இருவரும் தஞ்சாவூர் என்றே சொல்லிவிடுவது. ஒருவன் சொன்னால் அறியாமை. அந்தச் சீமையிலேயே பிறந்த இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் துரை யோசிப்பார். "மார்க்கு போனா ரெண்டு பேருக்கும் போகும். அது நியாயம்தானே?" என்றார். நியாயம்தான் என்றேன். கை கொடுத்தோம்.

பரீட்சை பிப்ரவரி கடைசியில், துரையின் அறையில். பதில்களைக் குறித்துக்கொள்ளப் பொரோ பாபு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் அதே இருபது அட்டை. முதலில் நான். பிரமிடு, போர்ட் சயீத். ரோமாபுரி வட்டரங்கம், நேப்பிள்ஸ். சீனப் பெருஞ்சுவர், தியன்ட்சின். தாஜ்மஹால், ஹௌராவிலிருந்து ரயில். பத்தொன்பது முடிந்தது. ஒன்றும் தப்பவில்லை. இருபதாவது அட்டையைத் துரை சொருகினார்.

நந்தி மண்டபத்து நிழல்கூடத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் கண்ணாடியில் முகத்தை வைத்திருந்தேன் என்று தெரியாது. என் மனதில் ஓடியது கோயில் அல்ல. மாமனாரின் கடைசி வரிதான் ஓடியது. இதையும் யோசித்தேன்: பரீட்சையின் விடை என்பது உலகத்தில் இருப்பது அல்ல, அட்டையின் பின்பக்கத்தில் இருப்பது. இது சரியான வாதம். இன்றுவரை இதில் எனக்கு ஓட்டை அகப்படவில்லை.

"மதுரை, சார்" என்றேன். "துறைமுகம் தூத்துக்குடி. அங்கிருந்து ரயில்."

ஒரு பொய்யோடு முடியவில்லை பாருங்கள். துறைமுகத்தையும் மாற்றவேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து போகும் ரயிலில் எத்தனை தரம் ஏறியிருக்கிறேன்!

பொரோ பாபு எழுதினார். தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்தது அவர் முறை. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததைப் பொரோ பாபு மறுநாள்தான் சொன்னார். மதுரைக்காரரும் பத்தொன்பது சரியாகச் சொல்லியிருக்கிறார். கடைசி அட்டைக்கு, ஒரு கணமும் தாமதிக்காமல், "தஞ்சாவூர். நாகப்பட்டினம்." துரை அவருடைய ஊழியக் குறிப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"நீ பிறந்த ஊர் மதுரை என்று இருக்கிறதே?"

"ஆமாம், சார்."

"உனக்கு முன்னால் வந்தவன் தஞ்சாவூர்க்காரன். அவனுக்கு உன் ஊர்க் கோயில் தெரிகிறது. உனக்குத் தெரியவில்லையா?"

அந்த இடத்தில் அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். எங்கள் ஒப்பந்தத்தைச் சொல்லியிருக்கலாம். ஸ்டீரியாஸ்கோப்பை மேஜைமேல் வைத்தாராம். பிறகு, "இந்தக் கோயில் என் ஊரில் இல்லை, சார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறார்.

வெளியே வந்தபோது என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சரி விடும் ஓய், காபி ஆறிப்போயிடும்" என்றார். கையில் காபி எதுவும் இல்லை.

மார்ச் முதல் தேதி கவுண்டர் நாற்காலி எனக்கு வந்தது. தந்தி கொடுத்தேன். மாமனார் பதில் தந்தியில், வழக்கத்துக்கு மாறாக, க்ஷேம விசாரிப்பு ஒன்றுமில்லாமல், புதன்கிழமை மெயில் என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை, ரங்கூன் கப்பலுக்கு நின்ற வரிசையில் மதுரைக்காரர் நின்றார். அங்கே ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருந்தது. மெஸ்ஸை அவர் இரண்டு நாள் முன்பே காலி செய்துவிட்டு ஒரு தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தார். மற்றக் கவுண்டரில் கூட்டம் குறைவுதான். அவர் என் வரிசையில்தான் நின்றார்.

பிரயாணி தெரிந்தவராயிருந்தாலும் படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன். பெயர், வயது, தகப்பனார் பெயர்.

"சொந்த ஊர்?"

"தஞ்சாவூர்னு போடுமேன்" என்றார் சாவதானமாக. "இந்த ஆபீஸ்ல யார் போய்ப் பார்க்கப் போறா?"

மதுரை என்று எழுதினேன். தலைகீழாகப் படித்தார்.

"பரவாயில்லையே. எழுத வரது." சீட்டை வாங்கிக்கொண்டு நகரப் போனவர் திரும்பினார். "ஆத்துல எப்ப வரா?"

"புதன்கிழமை."

"ஹௌராவுக்கு வண்டி முன்னாடியே பேசி வெச்சுக்கும். வாசல்ல போய்ப் பேசினா, பொம்மனாட்டியைப் பார்த்ததும் ரெட்டையாக் கேப்பான்."

அவர் சொன்னபடியே வண்டியை முதல் நாளே பேசி வைத்தேன். பிறகு அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. நானும் எழுதவில்லை.

மனைவி வந்து சேர்ந்தாள். பவானிபூரில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை. இப்போது லேக் கார்டன்ஸ் என்று பெருமையாகச் சொல்கிற பக்கமெல்லாம் அப்போது மூங்கிலும் சேறும். அங்கே நரி ஊளையிடுகிறது என்று யாரோ சொன்னதில் அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. கல்கத்தா அவளுக்குப் பிடிக்கவில்லை. மீன் நாற்றம், புரியாத பாஷை, தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நதியைக் காட்டலாம் என்று ஸ்டிராண்டுக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஆபீஸ் வாசலில் காவலிருந்த தர்வான் என்னைப் பார்த்ததும் நிரந்தரத்துக்கு உரிய சலாம் ஒன்று வைத்துக் காத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டான்.

அவள் ஸ்டீரியாஸ்கோப்பை ஆசையோடு எடுத்தாள். ஈஃபல் கோபுரம் அவளைக் கவரவில்லை. "என்னது, முடிக்காம விட்டிருக்கா" என்றாள். பெட்டியிலிருந்து தானே ஒரு அட்டையை எடுத்துச் சொருகினாள். அப்படியே நின்றாள்.

"ஐயோ! நம்ம பெரிய கோயில்னா இது! நந்தி, பாருங்கோ, நந்தி!" கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே கையை நீட்டி என் கையைத் துழாவிப் பிடித்தாள். கல்கத்தாவுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"ஆமாம்" என்றேன்.

"இந்த ஊர்க்காராளுக்கெல்லாம்கூட நம்ம கோயிலைத் தெரியும்போலிருக்கே?"

அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள்.

தஞ்சாவூர் என்று போட்டிருக்கிறது என்றேன்.