ஏரி நடுவில் படுத்துக்கொள்ளும் மோட்டார்

ஏற்காடு ஏரியின் நடுவில் எஸ்டேட் துரையின் மோட்டார் படகு மூன்றாவது முறையாக நின்றுவிடுகிறது. காப்பி விலை பேச வந்திருக்கும் எனக்காக, அக்கரையில் துரை குடையோடு காத்து நிற்கிறார். என்னை அழைத்துப்போக வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பார்க்கிறார், இறுக்கி மூடுகிறார், கயிற்றை இழுக்கிறார். மோட்டார் உறுமிக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் மறுபடி படுத்துக்கொள்கிறது.

"மூடியத் திறந்து மூடினாத்தான் ஓடுது போல," என்று மூடியைத் தடவிப் பார்க்கிறேன். பெட்ரோல் தடையில்லாமல் இறங்க, காற்று உள்ளே போக வைத்த சின்ன ஓட்டையில் மெழுகு.

"நாந்தானுங்க அடைச்சேன். இந்த மலையில பனி நொம்ப மோசமுங்க. உள்ள தண்ணி எறங்கிருமுங்க."

சட்டையில் இருந்த குண்டூசியால் மெழுகைக் குத்தி எடுக்கிறேன். இப்போது மோட்டார் நிற்கவே இல்லை. ரைட்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் பெருமை தாங்கவில்லை. துரையின் குடை பெரிதாகிக்கொண்டே வருகிறது.

"கரை வந்துருச்சு ரைட்டரே, நிறுத்துங்க."

"எப்படீங்க நிறுத்தறது?" என்கிறார் அவர். "இத்தன நாளா அதுவே நின்னுக்குமுங்க."