இன்ஜின் ஓடும்போது கேட்ட ஆல்பம்

இடது கை மடிக்கணினியில் இருக்கிறது. வலது கை லாரியின் கதவில் பொருத்திய ஸ்பீக்கர் மேல் பதிந்திருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது கை கிடாரின் கனத்த அடியொலியைக் கொஞ்சம் குறைக்கிறது, பாடும் குரலைக் கொஞ்சம் ஏற்றுகிறது, மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறது.

குழந்தைவேலுக்கு இதுதான் முறை. புதுச்சத்திரத்தில் லாரி கேபின்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துவது அவர் தொழில். நிற்கும் லாரியில் நன்றாகக் கேட்பது ஓடும் லாரியில் கேட்காது. அதனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் இந்த வேலை செய்கிறவர்கள் இன்ஜினை ஓடவிட்டுத்தான் ஒலியைச் சரிபார்ப்பார்கள். அவரும் அங்கே பார்த்துப் பழகியவர். பாட்டுப் பதிவுகளில் குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து மிக்ஸ் செய்வதைப் பின்னால் தானாகவே கற்றுக்கொண்டு, சுற்றுவட்டாரப் பாடகர்கள் சிலருக்குச் செய்து கொடுத்தார். யாரும் அவர் பெயரைப் போட்டதில்லை.

பக்கத்து நகரத்தின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து வந்த தீபிகா போடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பாடி கிடார் வாசிக்க, மதன் டிரம்ஸ் அடிக்க, நண்பர்களோடு ஓர் ஆல்பம் பதிவு செய்திருந்தாள். சைகடெலிக் ஸ்டோனர் ராக். கிடாரின் சுருதியை இறக்கி, ஒலியைக் கரகரப்பாக்கி, ஒரே சுற்றை மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்பவரைக் கிறங்கவைக்கும் இசை. மிக்ஸ் பிடிக்காவிட்டால் பெங்களூர் ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிடுவோம் என்பதையும் அவள் ஒளிக்கவில்லை.

அவர் மிக்ஸை முடித்து அனுப்பியதும் தீபிகாவும் மதனும் கடைக்கே வந்துவிட்டார்கள்.

"ஆல்பம் எப்பிடி இருக்குதுங்ணா? மறைக்காமச் சொல்லுங்க," என்றாள் தீபிகா.

"மொதப் பாட்டு நல்லாருக்குது சாமி. தம்பி அவசரப்படாம அடிச்சிருக்குது. கிடார் வந்து உக்கார்ற வரைக்கும் பொறுக்குது பாரு, அது லேசுல வராது. நடுவுல இருக்கற பாட்டெல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது. நீ பாடறது கிணத்துக்குள்ள இருந்து கூப்புடறாப்ல இருக்குது, ஒரு வார்த்தை வெளங்கல. கடைசிப் பாட்டு பாதிக்கு மேல சும்மா கெடக்குது. வெட்டீரு."

மதன் சிரித்தான். "அண்ணனுக்கு டீ ஆறறதுக்குள்ள பாட்டு முடிஞ்சரோணும்."

"முடிஞ்சா டீயாவது நல்லாருக்குமல்ல?"

தீபிகா சிரிக்கவில்லை. "நீங்க வெட்டச் சொல்ற எடத்துலதானுங்ணா பேஸ் கிடார் மெதுவா ஏறி வருது. அதுக்குத்தான் அந்தப் பாட்டே. நீங்க அனுப்புனதுல அது காணவே இல்ல. எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"லாரில."

"இன்ஜின் ஓடுச்சா?"

"ஓடாம எப்பிடி?"

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. டீசல் இன்ஜினின் உறுமல் அந்த பேஸ் கிடாரை விழுங்கியிருக்கிறது. காதில் விழாததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த அடியொலியையும் அவரே இறக்கியிருக்கிறார். லாரி டிரைவருக்கு அது சரி. இந்த ஆல்பத்தைக் கேட்கிறவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்கள்.

"பேசாம பெங்களூருக்கே அனுப்பீறலாம்," என்றான் மதன், அவர் காதுபடவே.

"ஒருக்கா இன்ஜின் இல்லாம கேக்கறேன். அப்பறமா அனுப்புங்க."

ஹெட்போன் போட்டு ஒவ்வொரு வாத்தியமாகக் கேட்டார். கடைசிப் பாட்டில் பேஸ் கிடார் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மற்ற கிடார் ஒரே இடத்தில் நின்றதால்தான் அது ஏறுவதே தெரிந்தது. நீளத்துக்குக் காரணம் இருந்தது. ஏறி முடித்த பிறகும் பாட்டு இழுத்துக்கொண்டு போனதற்கு ஒரு காரணமும் இல்லை. நடுப்பாட்டுகள் எப்படிக் கேட்டாலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அதை மிக்ஸில் சரிசெய்ய முடியாது. அடியொலியைத் திரும்பக் கொண்டுவந்தார். குரலின் எதிரொலியைப் பாதியாக்கினார். கடைசிப் பாட்டை வெட்டவில்லை.

மறுபடி வந்த தீபிகா முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டாள்.

"குரல் இவ்வளவு முன்னாடி வந்தா என் தப்பெல்லாம் தெரியுதுங்ணா."

"தெரியட்டும். வார்த்தையும் இப்பத்தான தெரியுது?"

அவள் தன் குரல் வரும் இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். "செரிங்ணா, இருக்கட்டும்."

"கடைசிப் பாட்டுல அந்த வாலை மட்டுமாவது வெட்டீட்டா..."

"மாட்டனுங்ணா."

"செரி."

"ஆல்பம் அட்டையில உங்க பேரை எப்பிடிப் போடறது?"

"குழந்தைவேல், புதுச்சத்திரம். அது போதும்."

புது மிக்ஸ் ஏற்றிய பென் டிரைவை மடிக்கணினியிலிருந்து கழற்றி, மூடியைப் போட்டு, அவள் கையில் கொடுத்தார்.