தட்டிக் காட்டிய சத்தம்

ஒரு பெண்ணுக்கு என் வீட்டுக் கழிவறையைக் காட்டிவிட்டுப் பக்கத்து வீட்டை விற்றேன். அவள் அப்போது மஸ்கட்டில் நர்ஸாக இருந்தாள். வீட்டை வீடியோவில்தான் பார்த்தாள். அவளை ஏமாற்றியது வேறு யாரோ அல்ல, நான்தான்.

விருத்தாசலத்தில் ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் கட்டியிருந்தேன். பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இரண்டுக்கும் ஒரே ஓடு, ஒரே நிற பேசின், உட்கார்ந்து போகும் ஒரே வகை கக்கூஸ் பீங்கான். ஒன்றில் நான் குடியிருந்தேன். மற்றதை வாடகைக்கு விட்டிருந்தேன். வாடகை வீட்டின் பின்பாதி பழைய குட்டையைத் தூர்த்த இடம். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட உடைசல்களைக் கொட்டித்தான் தூர்த்திருந்தோம். ஒவ்வொரு மழைக்கும் அந்த மண் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கினால் கழிவறைப் பீங்கானின் அடி விரிசல் விட்டு விரியும், கீழே குழாய் விட்டுப்போகும், உள்ளே போனதெல்லாம் தரைக்குத் திரும்பி வரும். இரண்டு முறை பீங்கானை மாற்றினேன். மூன்றாவதும் விரிந்தது. குடியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள்.

விற்றுவிட நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். அந்த நேரத்தில்தான் அவள் போன் செய்தாள். அவள் அப்பா என் சூளையில் இருபது வருடம் வேலை பார்த்து இறந்தவர். அம்மா கருவேப்பிலங்குறிச்சியில் தனியாக இருந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீட்டில் கழிவறை இல்லை. கரும்புக் கொல்லை ஓரத்தில் குந்தப்போய் எழுந்திருக்க முடியாமல் ஒருநாள் வெகுநேரம் கிடந்திருக்கிறார்.

"அம்மா உக்காந்து போவுற மாதிரி கக்கூஸ் இருக்கணும் சார். அது போதும். எனக்கு இப்ப லீவு கெடைக்காது. வீடியோ எடுத்து சி.டி. அனுப்புங்க, பாத்துக்கிறேன். சார் கட்டுன வூடு, சொல்லணுமா?"

கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். எடுப்பதற்கு முன் வாடகை வீட்டுக் கழிவறையைப் பினாயில் கொட்டிக் கழுவி, விரிசலில் வெள்ளை சிமெண்ட் பூசி, சாம்பிராணி போட்டேன். அவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தார். "சாம்பிராணி எதுக்கு சார்? நாத்தம் வீடியோல வுழாது."

சி.டி. போன இரண்டாவது வாரம் மறுபடியும் போன். வீடு பிடித்திருக்கிறது, ஒன்றே ஒன்று பாக்கி என்றாள். "கக்கூஸ் பீங்கானத் தட்டிக் காட்டுங்க சார். சத்தம் கேக்கணும். தட்டிப் பாக்காம பீங்கான் வாங்காதன்னு அப்பா சொல்லும்."

எங்கள் ஊரில் ஊறுகாய் ஜாடியைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். நல்ல பீங்கான் மணி மாதிரி ஒலிக்கும். விரிந்தது சொத்தென்று கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

வீடியோக்காரரை என் வீட்டுக் கழிவறைக்கு அழைத்துப் போனேன். சாவியால் மூன்று இடத்தில் தட்டினேன். கணீரென்று கேட்டது. வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "தங்கச்சியக் காட்டி அக்காவக் கட்டிக் குடுக்குறீங்களே சார்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பத்திரம் முடிந்து அந்த அம்மா குடிவந்தார். ஐப்பசி வரைக்கும் ஒன்றும் இல்லை. மழை பிடித்த நாலாம் நாள் காலையில் அவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் பரபரவென்று தேய்ப்பது சுவர் தாண்டிக் கேட்டது. நாற்றமும் தாண்டி வந்தது. போய்ப் பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் அசிங்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கிட்ட வராதீங்கய்யா. எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. நான்தான் தண்ணி சரியா ஊத்துலபோல."

"ஆள் அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதன் பிறகு தினமும் விடியுமுன் அவர் செம்போடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஆற்றுப் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் கழிவறைக்குப் போவேன். அங்கே ஒரு நாற்றமும் இல்லை. இருந்தும் எனக்கு நாறியது.

தை மாதம் அந்த அம்மாவின் மகள் லீவில் வந்தாள். வந்த அன்றைக்கே கழிவறைக்குப் போய்ச் சாவியால் தட்டியிருக்கிறாள். நேரே என் வாசலில் வந்து நின்றாள்.

"வீடியோல கேட்டது இந்தச் சத்தமில்ல சார்."

"இல்லம்மா. அது என் வூட்டுது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம், உன் அம்மா இங்கே வரட்டும், நான் அங்கே போகிறேன் என்றேன். சரி என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள்.

"அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. அப்பா உங்க மேல வச்சிருந்த மரியாத இப்ப அம்மாகிட்ட மட்டுந்தான் மிச்சம் இருக்குது. அது இருந்துட்டுப் போவட்டும்."

பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினோம். மனைவி போன பிறகு நான் தனியாள். சாமான் அதிகம் இல்லை, ஒரே நாளில் மாறினேன். எனக்கு வந்த கழிவறையைத் தோண்டி, புதுக் குழாய் போட்டு, நாலாவது பீங்கான் வைத்தேன்.

அந்த அம்மா மகள் சொன்னதை நம்பினார். தன் கால் வலிக்காக ஐயா நல்ல வீட்டை விட்டுக்கொடுத்தார் என்று தெருவெல்லாம் சொன்னார். மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எனக்கு வரும். "எனக்குப் பொழங்கத் தெரியாம அந்த வூட்டக் கெடுத்துட்டு வந்தேன். அதுலபோய் நீங்க இருக்கீங்களே" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே ஒன்றரை வருடம் தாங்கினேன்.

ஒருநாள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டுபோய், மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறி, எல்லாவற்றையும் சொன்னேன். குட்டை, விரிசல், வெள்ளை சிமெண்ட், சாவி. ஒன்றையும் விடவில்லை. அவர் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப, நான் ஊத்துன தண்ணி சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தாம்மா இருந்துச்சு."

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு கிண்ணம் வரவில்லை. அந்த ஐப்பசியில் நாலாவது பீங்கானும் விரிந்தது. வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு நான் கழுவினேன். சத்தம் சுவர் தாண்டிக் கேட்டிருக்கும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.