தெளியாத கோழி

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓர் ஏர்கூலர் கிடக்கிறது. மோட்டார் போய், விசிறி போய், பக்கத்துத் தட்டி ஒன்றும் எங்கேயோ போய், உள்ளே நார் மட்டும்தான் மிச்சம். பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்லி நான் இரண்டு கோடையாகக் கத்திக்கொண்டிருந்தேன். "இருக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்று என் வீட்டுக்காரர் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது எங்கள் சிவப்புக் கோழிக்கு ஆனது.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். காலை டிபன் என் பொறுப்பு. அவர்களில் பாதிப் பேர் நாட்டுக்கோழி முட்டை என்றால் உயிரை விடுவார்கள். அதற்காகவே மூன்று கோழி வளர்த்தேன். சேவல் கிடையாது. விடியற்காலையில் சேவல் கூவித் தியானம் கலைகிறது என்று ஒருவர் அறையைக் காலி செய்துகொண்டு போனதிலிருந்து சேவலுக்கு இங்கே இடமில்லை. ஆகவே எங்கள் வீட்டு முட்டை ஆம்லெட்டுக்கு ஆகும், குஞ்சுக்கு ஆகாது. இது எனக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும். சிவப்புக் கோழிக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது ஒத்துக்கொண்டிருக்காது.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோது அது கூலருக்குள் போய் உட்கார்ந்தது. முட்டையிடத்தான் போகிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வெளியே வரவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, இரண்டு பங்காக ஊதி, 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு, புறங்கையில் நறுக்கென்று ஒரு கொத்து. அடியில் ஒரு முட்டைகூட இல்லை. வெறும் நார்மேல் உட்கார்ந்து, இல்லாத முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அடை உட்கார்ந்த கோழி முட்டையிடாது. தின்பதும் இல்லை, பொழைப்பதும் இல்லை. அதைப் பார்த்து மற்ற இரண்டுக்கும் அதே புத்தி வந்துவிட்டால் என் டிபன் வியாபாரம் என்னாவது? தெளிய வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று இறங்கினேன்.

முதலில் தண்ணீர் வைத்தியம். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளியும் என்பார்கள். வாளித் தண்ணீரில் வயிறு நனைய முக்கி எடுத்தேன். என் புடவை முழுக்க நனைந்தது. கோழி உதறிக்கொண்டு, வெயிலில் ஒரு சுற்று சுற்றிக் காய்ந்துவிட்டு, நேராகக் கூலருக்குள் போனது. அடுத்து, காலில் கயிறு கட்டி முருங்கை மரத்தடியில் விட்டேன். நாள் முழுக்கக் கூலர் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றது. அவிழ்த்துவிட்டதும் ஓட்டம். கூலரின் வாயைப் பலகை வைத்து அடைத்தேன். பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டது.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"மூக்குல ஒரு இறகை எடுத்துக் குத்தி வுடுங்க அண்ணி. ரெண்டே நாள்ல எழுந்துக்கும்" என்றாள்.

இறகை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. இறகைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். திட்டுவது வேறு, குத்துவது வேறு.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. "மாடியில இருக்கிறவங்க ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும்னு எங்கெங்கிருந்தோ வந்து வாடகை குடுக்கிறாங்க. இது ஓசியில உக்காந்துக்கினு இருக்குது. வுடேன்" என்றார்.

"நாளைலேர்ந்து ஆம்லெட்டை நீங்களே போட்டுக் குடுங்க" என்றேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே மனசு அதைக் கண்டு அசந்துபோய்விட்டது. நாளுக்கு ஒரு தரம்தான் எழுந்திருக்கும். ஓடி வந்து நாலு பொறுக்கு, இரண்டு வாய் தண்ணீர், மண்ணில் ஒரு புரளல், உடனே திரும்பிவிடும். கொண்டையின் சிவப்பு வெளுத்துவிட்டது. தூக்கினால் கையில் எடையே இல்லை. வயிற்று இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. அங்கே தொட்டால் காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி சுட்டது. நான் கிருத்திகை விரதம் ஒரு நாள் இருப்பதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன். இது யாருக்கும் சொல்லவில்லை, யாரும் இதைப் பாராட்டவும் இல்லை. வாளித் தண்ணீருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறதே, என்ன பிறவி இது என்று தோன்றும். தோன்றிய கையோடு மறுபடி தூக்கி வெளியே விடுவேன். விடாக்கண்டனுக்கும் கொடாக்கண்டனுக்கும் நடந்த கதைதான்.

கடைசியாகத் தக்காளி வரும் பிளாஸ்டிக் டிரே இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டி, கோழியை அதற்குள் விட்டு, முருங்கைக் கிளையில் தொங்கவிட்டேன். அடியில் நாரும் இல்லை, மண்ணும் இல்லை. கீழேயிருந்து காற்று வந்து வயிற்றில் படும். தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்தேன். சில நாள் கழித்து ஒரு காலையில் திறந்துவிட்டபோது, அது மற்றக் கோழிகளோடு போய்ச் சேர்ந்து குப்பையைக் கிளறியது. கூலர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "தெளிஞ்சிடுச்சி!" என்று மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அன்று மத்தியானம்தான் அடுத்த வீட்டுப் பாய் வந்தார்.

பாய் மெத்தை தைக்கிறவர். இலவம் பஞ்சு மெத்தை, தலையணை. நாங்கள் இந்தச் சந்துக்கு வருவதற்கு முன்பிருந்தே அவர் குடும்பம் இங்கே இருக்கிறது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா அப்போது ஊரில் இல்லை. மகளுக்குத் தலைப்பிரசவம், பெண்ணை அலையவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அழைத்து வர முடியாமல் அக்காவே ஆரணிக்குப் போயிருந்தார். போகும் முன், தெருக்கோடி வீட்டுச் சேவலோடு சேர்ந்த தன் கறுப்புக் கோழியை அதன் முட்டைகளையே வைத்து அடையில் உட்கார்த்தி, பாயிடம் ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பாய் ஒரு தலையணை உறையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சட்டை முழுக்கப் பஞ்சு.

"ஏம்மா, உங்க கோழி இன்னும் உக்காந்துக்கினு இருக்குதா?"

"இல்ல பாய், இன்னிக்குத்தான் தெளிஞ்சிது!" என்றேன் பெருமையாக.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் தீனிக்கு எழுந்து வந்த கறுப்புக் கோழியைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. துரத்திக்கொண்டு ஓடியும் பயனில்லை. திரும்பி வந்து, தெரிந்ததைச் செய்திருக்கிறார். முட்டைகளை எடுத்துப் பஞ்சுக்குள் பொதிந்து வைத்திருக்கிறார். உறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. எங்கள் ஊர் வெயிலும் பாயின் பஞ்சும் சேர்ந்து பாதி அடை காத்திருந்தன.

"அவ திட்டுனா பரவால்லம்மா, பழகிப்போச்சி. அங்க பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. இந்த நேரத்துல, கோழி செத்துச்சி, முட்டை அத்தனையும் போச்சின்னு எப்படிச் சொல்றது? மனசுல ஒண்ணு வெச்சிட்டான்னா அவ பேசாமப் போயிடுவா. அதத்தான் என்னால தாங்க முடியாது."

உள்ளறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கினோம். செல்போன் டார்ச்சின் மேல் ஒரு முட்டையை வைத்தேன். முட்டை விளக்கு மாதிரி சிவந்தது. உள்ளே சிவப்பு நூல்களாக நரம்பு. நடுவே கறுப்பாக ஒன்று. பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்தக் கறுப்பு ஒரு துள்ளுத் துள்ளியது. பாய் "யா அல்லா" என்றார். முட்டையை உடைத்து உடைத்தே கை தேய்ந்தவள் நான். அன்றைக்கு ஒரு முட்டையைக் கீழே வைக்கப் பயந்தேன்.

கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் பாயின் பஞ்சு போட்டு, மகாராணிக்குப் படுக்கை மாதிரி செய்து முட்டைகளை அடுக்கினேன். சிவப்புக் கோழியைப் பிடித்து வந்து மேலே வைத்தேன். குதித்து இறங்கிப் போய்விட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி போய்விட்டது. "உக்காருடி. இத்தனை நாள் உக்காந்தியே, இன்னிக்கு ஒரு நாள் உக்காரேன்டி" என்று குப்பை மேடு வரை அதன் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனேன். மாடியிலிருந்தவர் எட்டிப் பார்த்தார். எவளை எழுப்ப வாளியும் கயிறுமாக அலைந்தேனோ, அவளைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பாய் முட்டைகளை மீண்டும் பஞ்சுக்குள் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே இருந்தார்.

பொழுது சாய்ந்து கோழிகள் கூட்டுக்குப் போகிற நேரம். கூட்டை மூடப் போனேன். இரண்டுதான் இருந்தன. நாய் ஞாபகம் வந்தது. "பாய், செவப்பைக் காணோம்" என்று கத்தினேன். மாடிப்படிக்குக் கீழேயிருந்து பதில் வந்தது.

'கொர்ர்ர்.'

கூலருக்குள் கையை விட்டேன். நறுக்கென்று ஒரு கொத்து. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதில்லை. என் தண்ணீரும் கயிறும் டிரேயும் அதை ஒன்றும் செய்யவில்லை. மகாராணிப் படுக்கை யாருக்கு வேண்டும், அதற்கு அதன் இடம் வேண்டும். பாய் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கொடுத்தார். நான் பக்கவாட்டில் நுழைத்தேன். கோழி கழுத்தை வளைத்து, அலகால் ஒவ்வொன்றையும் உருட்டி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. கடைசி முட்டை உள்ளே போனதும் இறக்கையை விரித்து ஒருமுறை அசைந்து படுத்தது. சத்தமும் நின்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சேவகம். தீனியைக் கூலர் வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அது எழுந்து வரும் நேரத்தில் நாய் நெருங்காமல் துடைப்பத்தோடு காவல் நின்றேன். ஆரணியிலிருந்து அக்கா தினமும் போனில் கேட்பார். "கோழி உக்காந்திருக்குதா?" "உக்காந்திருக்குது" என்பார் பாய். பொய்யில்லை. ஒருநாள் வீடியோவில் காட்டச் சொன்னபோது மட்டும் அவருக்குத் திடீரென்று டவர் கிடைக்காமல் போய்விட்டது.

பேத்தி பிறந்த செய்தி வந்த வாரமே குஞ்சுகளும் வந்தன. காலையில் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தபோது 'கீச்' என்று ஒரு சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சிவப்பு இறகுக்கு நடுவில் கறுப்பாக ஒரு சின்னத் தலை. ஒன்றிரண்டு கூமுட்டை போக மற்ற எல்லாமே பொரிந்திருந்தன. அத்தனையும் அக்காவின் கோழி மாதிரியே கறுப்பு. அன்று மாடியில் யாருக்கும் டிபன் நேரத்துக்குப் போகவில்லை.

மகளும் குழந்தையும் பயணம் செய்யலாம் என்றானதும் அக்கா அவர்களைக் காரில் கூட்டி வந்தார். அன்று குஞ்சுகளோடு கோழியை அவர்கள் வீட்டு முற்றத்தில் விட்டிருந்தோம். அக்கா கையில் குழந்தையோடு வந்து நின்று பார்த்தார்.

"இது என் கோழி இல்லையே" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார், தலையணை உறை உட்பட. அக்கா ஒன்றும் பேசவில்லை. பாய் பயந்த அந்த மௌனம் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கை நிறைய நொய் இருந்தது. கோழியின் முன்னால் உட்கார்ந்து கொட்டினார். அது ஒரு பருக்கை தொடவில்லை. 'கொக் கொக்' என்று குஞ்சுகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நின்றது.

"நீ தின்னு தாயி. மொதல்ல நீ தின்னு" என்றார் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் முட்டை, உன் அடை, குஞ்சு பாதிப் பாதி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு இடமில்லை, எல்லாம் உங்களுக்கே என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கோழியை வித்துட்டேன், அறுத்துட்டேன்னு மட்டும் என் காதுல வுழுந்துச்சி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ" என்றார்.

குஞ்சுகள் பிரிந்ததும் சிவப்புக் கோழி எங்கள் வீட்டுக்கு வந்தது. சில காலம் நல்லபிள்ளையாக முட்டையிட்டது. பிறகு ஒரு காலையில் காணோம். கூலருக்குள் கையை விட்டுக் கொத்து வாங்கிக்கொண்டேன். வாளியைத் தேடவில்லை. முட்டைக்கு ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் போய், "அக்கா, சேவல் சேர்ந்த முட்டை கிடைக்குமா? உக்காந்துட்டா" என்று குரல் கொடுத்தேன்.

போன வாரம் பழைய இரும்புக்காரர் சந்துக்குள் வந்தார். மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்து, "இந்தக் கூலரைப் போடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"உள்ள ஆள் இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.