கடலூர் லைன்

போன வாரம் மிக்சியைத் தூக்கிக்கொண்டு காந்தி பஜாரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏதோ ஒயரில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கஸ்தூரி அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் அவரை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. உங்களுக்கும் அப்படி யாராவது இருக்கிறார்களா?

கல்யாணத்துக்கு முன்பு செஞ்சியில் ஓர் உரக் கம்பெனியின் கிளையில் வேலை பார்த்தேன். கிடங்கின் ஓரமாக ஓர் அறை. அதில் என்னைவிடச் சோம்பேறியான ஒரு பழைய கம்ப்யூட்டர். உர நெடி துணியில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தினமும் மதியம் கடலூர் தலைமை அலுவலகத்திலிருந்து சரக்குப் பட்டியல் டெலிபோன் லைன் வழியாக வரும். அனுப்புகிறவர் கஸ்தூரி அக்கா. முதலில் இரண்டு வார்த்தை பேசுவோம். "நான் போடறேன், நீ வெச்சிடு" என்பார். ரிசீவரை வைத்ததும் மோடம் கிறீச்சிடும். முதல் நாள், ஏதோ வெடிக்கப்போகிறது என்று பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மோடம் புதுசு, வேகமானது. கம்ப்யூட்டர்தான் பழசு. இரண்டுக்கும் நடுவில் இருந்த சீரியல் போர்ட் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். அதைக் கம்ப்யூட்டர் எடுப்பதற்குள் அடுத்தது வந்து விழும், முன்னது தொலைந்துபோகும். அப்படித் தொலைந்து தொலைந்து, பட்டியல் பாதியில் நின்றுவிடும். உடனே போன் அடிக்கும்.

"இன்னா செஞ்சி, புட்டுக்கிச்சா?"

என் பெயரை அவர் சொன்னதே இல்லை.

"ஆமாக்கா. பாதில நிக்குது."

"நிக்கட்டும், லைன் கொஞ்சம் ஆறட்டும். சாப்டியா? இன்னா கொழம்பு?"

லைன் எங்கேயாவது ஆறுமா? ஆனாலும் ஆறவிட்டோம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களைப் பற்றி வீட்டில் கேட்பதற்கு முன் அவர் கேட்டுவிடுவார். "பையன் வாயே தொறக்கலியா? வேணாம் செஞ்சி. பேசாதவன் கூட காலம் தள்ள முடியாது." அதைக் கேட்டு, பேசுகிறவராகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். மனுஷர் இன்றுவரை நிறுத்தவில்லை.

ஒருநாள் புதுச்சேரியிலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். பெட்டியைத் திறந்து புது சீரியல் கார்டு ஒன்றைச் சொருகினார். கேபிள் முனையில் விட்டுப்போயிருந்த ஒயர்களுக்கு ஈயம் வைத்தார். "இதுல இருக்குற சிப்பு பதினாறு எழுத்து வரைக்கும் வரிசையா பிடிச்சு வெச்சிருக்கும் மேடம். இனிமே ஒண்ணுகூட கீழ விழாது" என்றார்.

விழவில்லை. அன்று பட்டியல் ஒரே மூச்சில் வந்தது. மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "உன் கம்ப்யூட்டருக்குப் புத்தி வந்துடுச்சா!" என்று அக்கா சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

அதன் பிறகு எங்களுக்குப் பேசுவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. "அதான் ஒரே வாட்டில போவுதே, இன்னும் இன்னா பேச்சு?" என்று அவருடைய ஆபீசர் பின்னால் சொல்வது எனக்கே கேட்கும். "போடட்டா?" "போடுங்கக்கா." அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், வழக்கமான 'போடட்டா' வரவில்லை.

"செஞ்சி, ஒடம்பு ஒரு மாதிரி இருக்குது. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

பின்னால் ஆபீசரின் குரல் கேட்டது.

"சரி, அப்பறமா சொல்றேன். வெச்சிடு."

வைத்தேன். பட்டியல் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தது.

மறுநாளிலிருந்து வேறொருவர் பேசினார். அக்கா லீவு என்றார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி என்றார். பிறகு ஒருநாள், "கஸ்தூரி மேடம் தவறிட்டாங்க மேடம். பட்டியல் போடட்டா?" என்றார். போடுங்கள் என்றுதான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கடலூர் போனேன். வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டி, செஞ்சி கிளையிலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"செஞ்சியா?" என்றார் அவருடைய கணவர். "உள்ள வாம்மா. வீட்ல டெய்லி உன் கதைதான்."

என்னிடம் அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டேன். "வயித்துல கட்டின்னு எனக்கே கடைசிலதான் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். என்னால் அழ முடியவில்லை. சுவரில் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடுங்கிய கன்னமும் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. நான் பேசிக்கொண்டிருந்த கஸ்தூரி அக்காவுக்கு உருண்டை முகம், பெரிய பொட்டு, சிரித்தால் ஆடும் ஜிமிக்கி.

இப்போது அந்தக் கிடங்கு இல்லை, அந்த லைன் இல்லை. மோடத்தின் கிறீச்சிடலை வாயால் செய்து காட்டினால் என் மகள் சிரிக்கிறாள். அதெல்லாம் போகட்டும். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, எவ்வளவு யோசித்தாலும், என் கஸ்தூரி அக்காவின் உருண்டை முகம் எனக்கு வருவதில்லை.