மதராஸில் ஆடிய மூன்றாவது சுற்று

யுத்தம் முடிந்த மறு வருஷம், அகில இந்திய அமெச்சூர் கால்பந்துப் போட்டிக்குத் தூத்துக்குடியிலிருந்து எங்கள் அணியும் பெயர் கொடுத்தது. ஒரு ஆட்டம் தோற்றாலும் வெளியே போய்விட வேண்டும். நான் எட்டயபுரத்துக்காரன், துறைமுகத்தில் குமாஸ்தா. தூத்துக்குடியில் எனக்கென்று யாரும் கிடையாது. சாயங்காலம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கும்போதுதான் ஒருவன் என்னோடு பேசுவான்.

அவன் எனக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆட்டக்காரன். கொழும்புக்குத் தோணியில் சரக்கு கொண்டுபோகிறவன். ஆட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்காமலே கத்துவான்: "ஏலே, வெளிய வா! நில்லு, இத நான் பாத்துக்கிடுதேன்!" அந்தக் குரல் சொல்கிறபடி நான் ஓடுவேன், நிற்பேன்.

முதல் சுற்றை எங்கள் மைதானத்திலேயே ஜெயித்தோம். இரண்டாவதை மதுரையில். மூன்றாவது மதராஸில்.

அதற்கு நான்கு நாள் முன்பு, கொழும்புக்குப் பாய் விரிக்க ஏதுவாகக் காற்று திரும்பிவிட்டது. அவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"தோணி கெளம்புது. இந்த நடை வரலேன்னா வேற ஆள ஏத்திருவேன்னு தோணிய நடத்துத தண்டல் சொல்லுதாரு. பந்தாடுனா யாரு சோறு போடுதா?"

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன்.

"இனிமே நீ கத்து. பின்னால நிக்கவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

தலையாட்டினேன். எனக்குக் கத்த வராது என்று சொல்லவில்லை.

மதராஸில் அவன் இடத்தில் ஆடியவன் ஒரு மில் தொழிலாளி, நல்ல ஆட்டக்காரன். கடைசிக் கால்மணி நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் உயரமாக ஒரு பந்து இறங்கியது. மில்காரன் என்னைப் பார்த்தான். என்னுடைய பந்து என்று நான்தான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் புகுந்த எதிரணிக்காரன் தலையால் தட்டி உள்ளே அனுப்பினான்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ரயிலில் அவர்கள் சீட்டாடினார்கள். நான் விழுப்புரம் வரை கதவருகிலேயே நின்றேன்.

தோணியில் போனவன் திரும்பி வர ஒன்றரை மாதமாயிற்று. கடற்கரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது ஒன் பந்துல்லா," என்றான், கோபமில்லாமல்.

"ஆமா."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். கொழும்புத் துறைமுகத்திலேயே வேலை கிடைத்துவிட்டது, அம்மாவை அழைத்துப்போக வந்திருக்கிறான்.

அடுத்த வருஷமும் பெயர் கொடுத்தோம். முதல் சுற்றிலேயே, தொண்டை கிழியக் கத்தியும், மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம். மறுநாள் எனக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. யாரும் என்னோடு பேசாததால், சாயங்காலம் வரை ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.